முதலை வயிற்றில் கிரயப் பத்திரம்

சோயிலோஸ் கயிறு போட்டு என் வீட்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தான். நான் மேலே புறாக் கோபுரத்தில் பார்லி இறைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளம் வடிந்து வயலெல்லாம் சேறாகக் கிடந்த நேரம் அது. வருஷா வருஷம் ஈரத்தில் தெற்குச் சுவர் விரிசல் விடும். பாவம், கொழுந்தன் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். என் வீட்டுக்காரர் தேயோனை எங்கள் எகிப்து வழக்கப்படி எழுபது நாள் உப்பில் வைத்து எடுத்துத் துணி சுற்றி அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அண்ணன் இல்லாத வீட்டைத் தம்பி கவனிக்கிறான் என்று ஒரு நிமிஷம் மனசுகூடக் குளிர்ந்தது.

"என்ன தம்பி, சுவருக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று மேலிருந்தே கேட்டேன்.

"இல்ல அண்ணி. தெக்கு அறையில என் வாத்துங்களுக்கு எடம் போதுமான்னு பாக்கறேன்."

"உன் வாத்துக்கு என் வீட்டுல என்ன வேலை?"

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "உங்க வீடா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. சந்தையில் மீன்காரி விலை சொன்னால் கேட்போமே, அந்த மாதிரி கேட்டான்.

நான் இறங்கி வந்ததும் இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். கிரேக்க எழுத்து. அதை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தேயோன் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சுவரைப் பூச அனுமதி கேட்டு ஊர் எழுத்தருக்கு அவர் கொடுத்த மனு. அதில், 'எனக்கும் என் தம்பி சோயிலோஸுக்கும் உரிய வீடு' என்று இருந்தது. ஏன் அப்படி எழுதினார் என்று எனக்குத் தெரியும். தெற்கே போகிற பட்டாளம் ஊருக்குள் வந்தால் வீடு வீடாகச் சிப்பாய்களைத் தங்க வைப்பார்கள். அண்ணன் தம்பி இருவரையும் போல, குதிரைப்படைக்காரர் என்று ராஜாவிடம் நிலம் பெற்ற இரண்டு பேர் பெயர் ஒரே வீட்டின் மேல் இருந்தால் அந்த வாசலை விட்டுவிடுவார்கள். அதற்காக எழுதின பொய். எழுதின மனுஷன் மண்ணுக்குள் போய்விட்டார், பொய் மட்டும் என் கொழுந்தன் இடுப்பில் இருந்தது.

வீடு நான் வாங்கினது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், உப்புக்காரரின் விதவையிடமிருந்து, என் அம்மா விட்டுப்போன இரண்டு தறிகளைக் கொடுத்து, மீதிக்கு நான் நெய்த துணியைக் கொடுத்து வாங்கினது. தேயோன் வீட்டில் எனக்குக் கிரேக்கப் பெயர், ஹெராயிஸ். பத்திரத்தில் என் அப்பா வைத்த எகிப்துப் பெயர், தமர்ரேஸ். எகிப்து எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று நான் நின்றேன். கிரேக்கத்தில் எழுதினால் பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை நின்று சரி என்று சொல்ல வேண்டும். எங்கள் எழுத்தில் அந்த வம்பு கிடையாது. நானே போனேன், நானே வாங்கினேன். பதினாறு சாட்சி, பதினாறு பேரும் தாளின் முதுகில் ஒருவருக்குக் கீழ் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிகளுக்குப் பார்லிக் கள்ளு ஜாடியைத் தூக்கி வந்தது இந்தச் சோயிலோஸ்தான். அப்போது அவனுக்கு மீசை அரும்பின வயசு.

இதையெல்லாம் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"எனக்கு ஞாபகம் இல்ல அண்ணி. பத்திரம் இருந்தா காட்டுங்க, நான் கயித்த எடுத்துட்டுப் போயிடறேன்."

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற தாள் ஜாடியைத் திறந்தேன். தோள்வரை கையை விட்டேன். எல்லாம் கிரேக்கத் தாள். விதை வாங்கின சீட்டு, வாய்க்கால் வெட்டின சீட்டு, எப்போதோ செத்துப்போன குதிரைக்கான சீட்டு. கையை வெளியே எடுத்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தேயோன் உப்பில் கிடந்த அந்த எழுபது நாளில் நான் வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தேன். சும்மா உட்கார்ந்தால் அழுகை வரும். அப்போது கொல்லூதேஸ் கூடையோடு வந்தான். அவனுக்குக் கோயிலில் வேலை. முதலை முகம் கொண்ட எங்கள் சோபெக் சாமியின் கோயில் முதலைகள் செத்தால் உப்புப் போட்டு, உள்ளே அடைத்து, சுற்றி, அடக்கத்துக்குக் கொடுக்கிறவன். அடைக்கப் பழைய தாள் இருந்தால் கொடுங்கள், பதிலுக்கு உங்க வீட்டுக்காரருக்குச் சுற்ற நல்ல துணி நாடா தருகிறேன் என்றான். நான் ஜாடியைக் கவிழ்த்துப் பிரித்தேன். என்னால் படிக்க முடிந்ததெல்லாம் அரசாங்கத் தாள், முக்கியம் என்று ஒரு பக்கம் வைத்தேன். படிக்க முடியாததெல்லாம் கூடைக்குப் போனது. எங்கள் எழுத்தை எங்களில் எத்தனை பேர் படிப்பார்கள்? அது பூசாரிகள் சமாசாரம். நான் பிறந்த பாஷையில் எழுதினதை நானே குப்பை என்று கொட்டினேன். சோயிலோஸ் கூடத்தில் நின்று வாத்துக்கு வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"தேடி வைக்கறேன், நீ போ" என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் நிலையைத் தாண்டினதும் நான் கோயில் பக்கம் ஓடினேன். ஐம்பது வயசில் ஓட்டம் என்று சொல்லக்கூடாது, ஆனாலும் ஓடினேன்.

கொல்லூதேஸின் கொட்டகையில் உப்பும் பிசினும் நாறியது. ஒரு பெரிய முதலை பலகை மேல் கிடந்தது, பாதிவரை சுற்றியிருந்தான். என் கூடை எங்கே என்று கேட்டேன். அவன் விரலை விட்டு எண்ணினான். என்னிடம் வாங்கின பிறகு ஐந்து முதலை முடித்தானாம். நான்கு மணலுக்குள் போயாயிற்று. ஐந்தாவது இதுதான், பத்தாம் தேதி ஊர்வலம்.

"எதுல போச்சுன்னு எப்படிச் சொல்றது அக்கா? எனக்குத் தாளுன்னா தாளு."

"அதுல என் வீடே இருந்துதுப்பா."

"எல்லாரும் இப்படித்தான் வந்து சொல்றாங்க" என்றான். போன வருஷம் ஒருத்தர் தன் கல்யாணச் சீட்டைத் தேடி வந்தாராம். கிடைக்கவில்லை என்றதும் சந்தோஷமாகப் போனாராம்.

எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. முதலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கழுத்துக்குக் கீழே துணி இன்னும் மூடாத இடத்தில் ஒரு தாளின் ஓரம் துருத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். எகிப்து எழுத்து. வரி வரியாக இல்லை. சின்னச் சின்னதாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் வேறு வேறு கை. நான்கு தெரிந்தது. சாட்சிக் கையெழுத்து அப்படித்தான் இருக்கும். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் முதலைக்கே கேட்டிருக்கும்.

"இதேதான். பிரிச்சுக் குடு."

கொல்லூதேஸ் பதறிப்போய் என் கையைத் தட்டிவிட்டான். மெதுவாகப் பேசச் சொன்னான். உப்பில் கிடக்கும்வரை அது முதலை, துணி சுற்ற ஆரம்பித்துவிட்டால் சாமி. சாமி வயிற்றைக் கிழிக்க நான் யார், அவன் யார்? கோயிலில் கேளுங்கள் என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

அங்கிருந்து நேராக ஒன்னோப்ரிஸிடம் போனேன். அவர் கோயில் எழுத்தர். எங்கள் ஊர்ப் பத்திரமெல்லாம் அவர் நாணல் குச்சியில் பிறந்தவைதான். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே, "உப்புக்காரி வீடுதானே? புறாக் கோபுரத்தை எழுத மறந்துட்டு அப்புறம் வரிக்கு மேல எழுதினேன்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் அவர் அடுத்து சொன்னதில் அந்தத் தெம்பும் போனது. தேயோன் போன அந்த வருஷம்தான் அரண்மனையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. கிரேக்கத்தில் எழுதின தாள் பேரில் வழக்கு வந்தால் கிரேக்க நீதிபதிகளிடம் போகும், எகிப்து எழுத்தில் இருந்தால் கோயில் வாசலில் நம் பூசாரி நீதிபதிகளிடம். சோயிலோஸ் கையில் கிரேக்கத் தாள் இருக்கிறது. என் கையில் ஒன்றும் இல்லை. வழக்கு கிரேக்க நீதிபதிகளிடம் போனால் நான் வாயைத் திறக்க ஒரு ஆண் துணை வேண்டும்.

"உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா இல்லை. கூடப்பிறந்தவன் இல்லை. புருஷன் இல்லை. ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்துக் கடலோரக் கீழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டோம், வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். மிச்சம் இருக்கிற நெருங்கின ஆண் உறவு சோயிலோஸ். எனக்காகப் பேசுகிறவனும் அவன், எனக்கு எதிராகப் பேசுகிறவனும் அவன். அவனே கேட்டு அவனே பதில் சொல்லி என்னை வெளியே அனுப்பிவிடுவான், நான் நடுவில் தூண் மாதிரி நிற்பேன்.

ஒன்னோப்ரிஸ் பூசாரிகளிடம் எனக்காகப் பேசினார். பத்திரத்தைத் தானே எழுதினதாக அவர் சொன்னதால் வாசலில் விசாரிக்க ஒத்துக்கொண்டார்கள். பத்தாம் தேதி காலை, ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னால். சோயிலோஸுக்கு ஆள் போனது. வருகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். தாள் இல்லை என்பது அவனுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தி மூச்சு வாங்க ஓடினால் மாலைக்குள் எதற்கு ஓடினாள் என்று வாய்க்காலில் துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும்.

முதலையைப் பிரிக்கலாமா என்பதற்கு மட்டும் பெரிய பூசாரி பதில் சொல்லவில்லை. சாமியையே கேள் என்றார். கேட்கிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு சீட்டு. ஒன்றில், 'பிரிப்பது உமக்குச் சம்மதமென்றால் இதை வெளியே அனுப்பும்.' இன்னொன்றில், 'சம்மதமில்லையென்றால் இதை.' இரண்டும் உள்ளே போகும், ஒன்று வெளியே வரும்.

ஒன்னோப்ரிஸ் முதல் சீட்டை எழுதிவிட்டு இரண்டாவதற்குத் தாள் கிழித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் சம்மதம்னே எழுதிடவா?"

விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. வெளியே யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள், அந்தச் சத்தம் தெருக்கோடியில் அடங்குகிறவரை யோசித்தேன்.

"வேணாம். அவரு வயித்துல கெடக்கறத அவர ஏமாத்தி எடுக்க முடியாது."

சீட்டு உள்ளே போனது. பதில் மறுநாள். அந்த ஒரு நாள் இருக்கிறதே. புறாக்களுக்கு மூன்று தடவை தீனி போட்டேன். அவையே சலித்துப்போய் கூரையில் உட்கார்ந்து பார்த்தன. பருப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், பிறகு அதைக் கொட்டினேன். தறியில் உட்கார்ந்தால் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். தெற்கு அறைக்குப் போய் நிற்பேன், வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். படி ஏறுவேன், எதற்கு ஏறினேன் என்று தெரியாமல் இறங்குவேன்.

வந்த சீட்டை ஒன்னோப்ரிஸ் படித்தார். சம்மதமில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் மாற்றிப் படிக்கிறாரோ, சோயிலோஸ் அவருக்கு வாத்து ஏதாவது கொடுத்தானோ என்று கண்டபடி ஓடியது மனசு. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லூதேஸிடம் காட்டினேன். அவன் அதை இப்படியும் அப்படியும் திருப்பி, "நல்ல தாளு அக்கா, அடைக்கலாம்" என்றான். அவனுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் திரும்பி நடந்தேன். வழியில் சோயிலோஸ் எதிரே வந்தான். நலம் விசாரித்தான். ஒழுங்காகச் சாப்பிடுங்கள் அண்ணி, இளைத்துவிட்டீர்கள் என்றான். வீட்டை விட்டுப் போனபிறகு நான் எங்கே இருக்கலாம் என்றும் யோசித்து வைத்திருந்தான். அவன் வீட்டுப் பின்கட்டில் ஒரு மூலை இருந்ததாம். வாத்துக்கள் காலி செய்யப்போகிற மூலை.

பத்தாம் தேதி காலை. கோயில் வாசலில் மூன்று பூசாரிகள் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்தில் பாடை மேல் முதலை, சுற்றி முடித்து, முகத்துக்குக் கண் எழுதி, அடக்கத்துக்குத் தயாராக. ஊர் பாதி அங்கே இருந்தது. சோயிலோஸ் வெளுத்த மேலாடை போட்டுக்கொண்டு தாளோடு வந்தான்.

நடுவில் இருந்த பூசாரிக்குக் கிரேக்கம் தெரியும். படித்துப் பார்த்துவிட்டு, இது சுவர் பூசுகிற மனுதானே என்று பக்கத்தில் வைத்தார். ஒன்னோப்ரிஸ் தான் எழுதின பத்திரத்தைப் பற்றிச் சொன்னார், வரிக்கு மேல் எழுதின புறாக் கோபுரம் உட்பட. சாட்சிகளில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பதினான்கு பேர் மணலுக்குள். ஒருவர் ஆற்றுக்கு மேலே எங்கேயோ. இன்னொருவர் வந்திருந்தார், ஆனால் அவருக்குத் தன் பெயரே இப்போது ஞாபகம் இல்லை. சரி, தாள் எங்கே என்று என்னைக் கேட்டார்கள்.

நான் முதலையைக் காட்டினேன். "அவரு வயித்துல இருக்கு."

கூட்டம் சிரித்தது. சோயிலோஸ் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "அண்ணி நல்ல எடத்துலதான் பூட்டி வச்சிருக்காங்க" என்றான். இன்னும் சிரித்தார்கள். பூசாரிகள் சிரிக்கவில்லை. மூன்று பேரும் தலையைக் குனிந்து பேசினார்கள். பிறகு நடுவில் இருந்தவர், தாள் இல்லாத வழக்குக்கு வாசல் வழக்கம் ஒன்றுதான் என்றார். சத்தியம். வீட்டைக் கேட்பவன் சாமி முன்னால் சொல்லட்டும். சொன்னால் வீடு அவனுக்கு. சொல்லாவிட்டால் அவளுக்கு.

சோயிலோஸ் சத்தியத்துக்கு அஞ்சுகிறவனா? ஊர் எழுத்தர் வீட்டில் அவன் ராஜா மேல் சத்தியம் வைக்காத வாரம் கிடையாது. விதைக்கு ஒன்று, வாய்க்காலுக்கு ஒன்று, பக்கத்து வீட்டு வாத்துக்கு ஒன்று. ஒன்னோப்ரிஸ் ஒரு பானை ஓட்டை எடுத்து வாசகத்தை எழுதிக்கொண்டிருந்தார். குச்சி ஓட்டில் உரசுகிற சத்தத்தில் என் பல் கூசியது. முடிந்தது என்று நினைத்தேன். புறாக்களை யார் வாங்குவார்கள் என்றுகூட நினைத்துவிட்டேன்.

சோயிலோஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு முன்னால் போனான். ஒன்னோப்ரிஸ் படித்தார். இங்கே குடிகொண்டிருக்கும் சோபெக் அறிய, அவரோடு இருக்கும் எல்லாத் தெய்வமும் அறிய, இந்த வீட்டைத் தமர்ரேஸ் தன் பெயரில் வாங்கினதை நான் பார்த்ததில்லை, கேட்டதில்லை. அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலை மேல் கை வைத்துக்கொண்டு.

"யாரு சொல்றது?" என்று பூசாரி கேட்டார்.

"சோயிலோஸ். தேயோனோட தம்பி."

"அந்தப் பேரு ஊர் எழுத்தர் வீட்டுக்கு. இந்த வாசல்ல உங்கம்மா வச்ச பேரச் சொல்லு."

என் மாமியார் என்னைப் போல எகிப்துக்காரி. மாமனார்தான் கடல் தாண்டி வந்த கிரேக்க வம்சம். சின்ன மகன் பிறந்த ஏழாம் நாள் மூச்சு நின்று நீலம் பாய்ந்தபோது, அவள் அவனை இதே வாசலில் கொண்டுவந்து போட்டாளாம். பிழைத்தான். சோபெக் கொடுத்தவன் என்று அர்த்தம் வரும்படி பெதெசூகோஸ் என்று பெயர் வைத்தாள். அவள் சாகும்வரை அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்ல அவன் விட்டதில்லை.

அவன் நின்றான். உள்ளே போய்ச் சிலைக்கு முன்னால் சொல்லலாமா என்று கேட்டான். சாமி இங்கே வெயிலில் காத்திருக்கிறார், சீக்கிரம் சொல் என்றார்கள். கையை முதலையின் கழுத்துப் பக்கம் கொண்டுபோனான். கொல்லூதேஸ் எத்தனை சுற்றுச் சுற்றியும் அந்தத் தாளின் ஓரம் துணி இடுக்கில் நகம் அளவுக்கு வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். நான் அவன் பார்ப்பதைப் பார்த்தேன்.

"நான் பெதெ..." என்று ஆரம்பித்தான். கை அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கி அவன் பக்கவாட்டில் தொங்கியது.

பூசாரிகளை அவன் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அண்ணி, அன்னிக்கு அந்தக் கள்ளுல பாதிய வழியிலயே நான்தான் குடிச்சேன்."

"தெரியும். ஜாடி லேசா இருந்துது" என்றேன்.

அவ்வளவுதான். ஓட்டின் கீழே ஒன்னோப்ரிஸ் இன்னும் ஒரு வரி எழுதினார், சத்தியம் செய்யவில்லை, வீடு அவளுக்கு என்று. அதை என்னிடமே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓட்டை எந்த முதலைக்குள்ளும் அடைக்க முடியாது. பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் ஒரு ஆள் குறைந்தது. சோயிலோஸ் வெளுத்த மேலாடையோடு போய்த் தோள் கொடுத்தான். மணல்வரை அவன்தான் சுமந்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு மாதம் கழித்து கொல்லூதேஸ் மறுபடி கூடையோடு வந்தான். வாசலிலேயே மறித்து ஒரு தாளும் கிடையாது என்றேன். அவன் போகிற போக்கில் சொன்னான், அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். என் கூடை வந்த அன்றைக்கே ஒரு சின்ன முதலையை முடித்தானாம், ஒரு முழம்தான் இருக்கும், தாளெல்லாம் அதற்கே சரியாகப் போய்விட்டதாம். அது என்றைக்கோ மணலுக்குள் போனது. பெரியதற்குக் கோயில் பண்டக சாலையிலிருந்து பழைய தாள் வந்ததாம். சாமிக்குப் பால் கொண்டுவந்தவர்கள் கையெழுத்துப் போட்ட பட்டியல்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன், சத்தியம் கேட்டது என்னிடம் இல்லை. இதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சம்மதமில்லை என்ற சீட்டை நினைக்கும்போது மட்டும் எனக்கு என்னமோ செய்யும். பிரித்திருந்தால் பால் பட்டியல்தான் வந்திருக்கும், வீடும் போயிருக்கும். சாமிக்குத் தெரிந்துதான் சொன்னாரா? தெரிந்து ஏன் எனக்காகச் சொல்ல வேண்டும்? கோயில் வாசலைத் தாண்டும்போது என் கால் தானாக வேகம் பிடிக்கிறது.

சோயிலோஸ் இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை வருகிறான். தெற்குச் சுவரைப் பூசிக் கொடுத்தான். நேற்று வந்தவன் மாடிக்கு ஏறி என்னோடு சேர்ந்து புறாக்களுக்குத் தீனி போட்டான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"அண்ணி, அது நெசமாவே அவரு வயித்துலதானே இருந்துது?"

"கொஞ்சம் தள்ளிப் போடு பெதெசூகோஸ்" என்றேன். "ஒரே எடத்துல போட்டா அதுங்க சண்டை போடும்."